உடுக்கைக்கு வெளியே ஒரு வீடு

மல்லிகா அக்கா ஏரியிலிருந்து கரையேறி வந்தபோது பறி இன்னும் அவள் வாயில்தான் இருந்தது. பறி என்றால் ஓலையில் பின்னிய சின்னக் கூடை. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள் எங்கள் பெண்கள். அந்த நேரத்தில் பேச முடியாது. அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்த நேரம் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு மண்சுவரில் சிவப்புப் பெயின்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி இருந்தது. பெயின்ட் காயாமல் சுவரோடு கீழே வழிந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். பறியை எடுத்துக் கீழே வைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"இன்னாடி இது? என் செவுத்துல எவன்டி கிறுக்கிட்டுப் போனான்?"

"சர்வேகாரங்கக்கா. உன் வூடு கோட்டுக்கு வெளிய கீதாம்."

"இன்னா கோடு? எங்க கீது? காட்டு பாக்கலாம்."

என்னால் காட்ட முடியவில்லை. தரையில் கோடு எதுவும் இல்லை. மணல் இருந்தது, நண்டு வளை இருந்தது, அக்காவின் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் இருந்தது. சர்வேக்காரர் கையிலிருந்த பெட்டிக்குள்தான் கோடு இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

வேண்டாத கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் மீஞ்சூர் ரயிலைப் பற்றி எழுதும்போது, அக்கா மீஞ்சூரில் இருக்கிறாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். உடனே ஒரு வாசகர், "ஏரியில் இறால் பிடித்தவர் மீஞ்சூருக்கு ஏன் போனார்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேண்டாத கேள்வி. ஆனாலும் கேட்டுவிட்டார், சொல்லாமல் விட்டால் எனக்கும் தூக்கம் வராது.

ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் குப்பத்துக்குக் கல் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். குப்பத்தின் எல்லைக்குள் நிற்கும் ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு வீடு. எல்லைக்கு வெளியே நின்றால் அது ஏரிப் புறம்போக்கு, காலி செய்ய வேண்டியதுதான். உள்ளே இருக்கும் குடிசைக்குச் சுவரில் நீல எண். வெளியே இருந்தால் சிவப்புப் பெருக்கல்.

குப்பம் முழுக்க நீல எண். சிவப்பு ஒரே ஒரு சுவரில்தான்.

எங்கள் குப்பம் கிட்டத்தட்ட ஒரு சதுரம். கிழக்கே முழுக்கப் பழவேற்காடு ஏரி. சதுரத்தின் தென்மேற்கு மூலையில் கங்கையம்மன் கோயில். தென்கிழக்கு மூலையில், தண்ணீரை ஒட்டி, ஒல்லாந்தர் கல்லறை. வடகிழக்கில் படகுத்துறை. வடமேற்கில் குடிதண்ணீர்த் தொட்டி. வீடுகள் வடக்கே ஒரு கூட்டமும் தெற்கே ஒரு கூட்டமுமாக இருந்தன. மேற்கே பள்ளிக்கூட மைதானம், அதற்குப் பின்னால் வேலிகாத்தான் முள்.

கிழக்கே நடுவில், கரைப் பள்ளத்தில், அக்கா வீடு மட்டும் தனியாக நின்றது. மழைக்காலத்தில் வாசல்வரை தண்ணீர் வரும். "தண்ணி வந்தா வரட்டும், நான் போய்ப் பாக்குறதுக்கு பதிலா அது என்ன பாக்க வருது" என்பாள். படி இறங்கினால் ஏரி, ஏறினால் அடுப்பு. அவளுக்கு அது போதும்.

சொந்தப் பெண்ணுக்கே வளையாத மனுஷன்

ஊர்த் தலைவர் எங்கள் நைனா. நைனா என்றால் அப்பா. ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு வாழ்கிறவர்கள் நாங்கள், அப்பாவைக் கூப்பிடும் வார்த்தை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சர்வேக்காரரை மூலை மூலையாகக் கூட்டிப் போய்க் காட்டியவரும் அவர்தான். பொங்கலுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது சட்டை, வேட்டி எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. ஏரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார். அப்போது அது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

சிவப்புக் குறி விழுந்த மறுநாளிலிருந்து நைனாவின் பெயர் எங்கேயோ போய்விட்டது. ஏலக் கொட்டகையில் ஒரே பேச்சு. "சொந்தப் பொண்ணு வூட்டையே வெளிய வுட்டுட்டாரு பாருய்யா. வேற எவனாவது இருந்தா கோட்டை வளைச்சிருப்பான்." ஆரம்பாக்கத்திலிருந்து மீன் எடுக்க வருகிற வியாபாரிகூட அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நைனாவுக்கு மனசு கனத்துத்தான் இருந்தது, நான் பார்த்தேன். ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அதையும் பார்த்தேன்.

அக்கா நேராக வந்து அவரிடம் கேட்டாள்.

"நைனா, ஒரு தபா மறுபடி அளக்கச் சொல்லு. நீ சொன்னா வருவாங்க."

"இன்னான்னு சொல்றது? என் பொண்ணு வூடு வெளிய போச்சு, கோட்டை கொஞ்சம் இழுத்து வுடுங்கன்னா?"

"இழுக்கச் சொல்லல. அளக்கத்தான் சொல்றேன். துறையும் உள்ள கீது, கல்லறையும் உள்ள கீது. ரெண்டுக்கும் நடுவுல கீற நான் மட்டும் எப்படி வெளிய போவேன்?"

"மிஷின் அளந்துச்சு மல்லிகா. நான் வாயத் தொறந்தா ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டுமே! நான் அழுவுறது உனக்குப் பரவாயில்லையா?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா கேட்ட கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மீஞ்சூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் கூலி. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருவது அவருக்குப் பேஜார். அங்கேயே குடி போய்விடலாம் என்று வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தார். அக்கா மசியவில்லை. சிவப்புக் குறி அவருக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. குடிசையை அவரே பிரித்தார். கம்பும் கீற்றும் ஒரு குட்டி லாரியில் ஏறின. அக்கா பறியைத் தெற்குத் தெருப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் யார் கிளம்பினாலும் "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். அக்கா நைனாவின் முகத்தைப் பார்க்காமல் "போறேன்" என்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒற்றையா, இரட்டையா

அதற்குச் சில மாதம் கழித்து எனக்குச் சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரில் வரைபடம் தயாரிக்கும் கம்பெனி. எங்கள் டீம் லீடர் கோயம்புத்தூர்க்காரர். முதல் வாரமே ஒரு தாளில் கோணல்மாணலாக ஒரு வேலி வரைந்து, அதற்குள் ஒரு புள்ளி வைத்துக் கேட்டார்.

"இது உள்ளயா வெளியயாங்க அம்மிணி?"

"உள்ள சார். பாத்தாலே தெரியுதே."

"உங்களுக்குக் கண்ணு இருக்குது, தெரியுது. கம்ப்யூட்டருக்குக் கண்ணு ஏதுங்க? அதுக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

அவர் சொல்லிக் கொடுத்தார். புள்ளியிலிருந்து கிளம்பி ஏதாவது ஒரு திசையில், வேலி முழுக்கப் பின்னால் போகும்வரை நேராக நடக்க வேண்டும். நடுவில் எத்தனை தடவை வேலியைத் தாண்டுகிறோம் என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை வந்தால் கிளம்பிய இடம் உள்ளே. இரட்டைப்படை வந்தால், அல்லது தாண்டவே இல்லையென்றால், வெளியே. வேலி எத்தனை வளைந்து நெளிந்து போனாலும் சரி, எந்தத் திசையில் நடந்தாலும் சரி, இந்தக் கணக்கு பொய்க்காது.

வெளியேயிருந்து உள்ளே போக ஒரு தடவை தாண்ட வேண்டும், மறுபடி வெளியே வர இன்னொரு தடவை. யோசித்துப் பார்த்தால் அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்று எனக்கு ஏதோ மந்திரம் கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. ரயிலில் வரும்போது ஜன்னல் வழியே தெரிந்த எல்லாவற்றையும் உள்ளே வெளியே என்று பிரித்துக்கொண்டே வந்தேன்.

"கோட்டு மேலயே நின்னா சார்?" என்று அடுத்த நாள் கேட்டேன்.

"அது நாம எழுதி வெக்கிறதுதானுங்க. உள்ளன்னு எழுதினா உள்ள, வெளியன்னு எழுதினா வெளிய" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் கணக்கு இல்லாமல் இன்றைக்கு ஒரு வேலையும் நடக்காது. சாப்பாடு கொண்டுவருகிறவர் உங்கள் தெருவுக்கு வருவாரா மாட்டாரா என்று போன் சொல்வது இதை வைத்துத்தான். உங்கள் வீடு எந்த வார்டு, எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று பார்ப்பதும் இதை வைத்துத்தான். எளாவூரில் ரோட்டுக்குக் குறுக்கே செக்போஸ்ட் இருக்கிறது, லாரிக்காரனுக்குத் தான் ஆந்திராவில் இருக்கிறோமா தமிழ்நாட்டில் இருக்கிறோமா என்று தெரியும். ஏரிக்கு நடுவில் செக்போஸ்ட் ஏது? இறாலுக்கும் அது தெரியாது, வலை போடுகிறவனுக்கும் தெரியாது. அங்கே கையிலிருக்கும் கருவி இந்தக் கணக்கைப் போட்டுத்தான் எந்த மாநிலத்துத் தண்ணீர் என்று சொல்கிறது.

ஒல்லாந்தர் ஒருவர்

கல்லறைக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள்.

ஒல்லாந்தர் என்றால் டச்சுக்காரர்கள், துணி வாங்க எங்கள் ஊருக்கு வந்தவர்கள். கோட்டை கட்டினார்கள், அகழி வெட்டினார்கள், ஏரியில் பொதி பொதியாகத் துணி ஏற்றி அனுப்பினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று முள்தான் நிற்கிறது. ஊருக்குள் இருக்கும் அவர்களுடைய பெரிய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் குப்பத்தில் இருப்பது வேறு. கூட்டத்தோடு சேராமல் தனியாகப் புதைக்கப்பட்ட யாரோ ஒருவருடைய கல். சுற்றிலும் இடுப்பளவுச் சுவர். கல்லில் எழுத்து இருந்த இடம் உப்புக்காற்றில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. வியாபாரி என்பார்கள் சிலர், கப்பலில் வந்து காய்ச்சலில் செத்தவன் என்பார்கள் சிலர். பாவம், எவ்வளவோ தூரத்திலிருந்து வந்து, பேர்கூட மிஞ்சாமல் எங்கள் குப்பத்து மூலையில் கிடக்கிறார்.

அந்தச் சுவருக்குள் கால் வைத்தால் தீட்டு. குளிக்காமல் கோயில் பக்கம் போகக் கூடாது. படகைத் தொடக் கூடாது. குடிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் தலை வைத்தே படுக்கக் கூடாது. சின்ன வயதில் பந்து உள்ளே விழுந்து எடுக்கப் போனாலும் அம்மா தலையில் ஒரு குடம் ஊற்றித்தான் வீட்டுக்குள் விடுவாள்.

"அவரு செத்து எத்தினி தலமொறை ஆச்சு நைனா? இன்னுமா தீட்டு கீது?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"செத்தவன் செத்தவன்தான். அதுல பழசு இன்னா, புதுசு இன்னா?" என்றார் நைனா.

சாக்கட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த நேரம். புது வேலையின் பெருமையில் நைனாவுக்கு ஒற்றை இரட்டைக் கணக்கைக் காட்டலாமென்று ஒரு சாக்கட்டியை எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். நம் குப்பத்தையே வரைகிறேன் என்று நாலு மூலைக்கும் நாலு புள்ளி வைத்தேன்.

"சர்வேகாரர் மாதிரியே போடுறேன் நைனா. மொதல்ல எங்க கூட்டினு போன?"

"இது ஒரு கேள்வியா? கோயிலுக்குத்தான். கற்பூரம் காட்டிட்டுக் கெளம்பினோம்."

கோயிலுக்கு ஒன்று என்று எழுதினேன். "அப்பால கல்லறையா? பக்கத்துலதானே கீது."

"அறிவு கீதா உனக்கு? கல்லறைய மிதிச்ச காலோட துறைக்குப் போவாங்களா? நேரா துறைக்குப் போனோம். அங்கிருந்து தொட்டி. எல்லாம் முடிச்சிட்டு, கடசீல கல்லறை. அவரு உள்ள நின்னு மிஷின அமுக்கினாரு, நான் அப்படியே ஏரியில எறங்கி ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துட்டேன்."

சொல்லச் சொல்ல நான் எண்களை எழுதிக்கொண்டே வந்தேன். எழுதிய வரிசையில் கோடு இழுத்தேன். கோயிலிலிருந்து குறுக்காகத் துறைக்கு. துறையிலிருந்து தொட்டிக்கு. தொட்டியிலிருந்து மறுபடி குறுக்காகக் கல்லறைக்கு. கல்லறையிலிருந்து கோயிலுக்கு.

தரையில் சதுரம் இல்லை. நடுவில் இறுகி, மேலும் கீழும் விரிந்து ஒரு உடுக்கை நின்றது.

வடக்குக் கூட்டம் மேல் தலைக்குள். தெற்குக் கூட்டம் கீழ்த் தலைக்குள். இடுப்புக்கு மேற்கே மைதானம், அங்கே வீடே இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. இடுப்புக்குக் கிழக்கே அக்கா வீடு.

அக்கா வீட்டிலிருந்து மேற்கே விரலால் நடந்தேன். ஒரு கோடு, இன்னொரு கோடு. இரண்டு. கிழக்கே நடந்தேன். ஒரு கோடும் குறுக்கே வராமல் நேராக ஏரி.

மிஷின் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தது. நாலு மூலையும் சரி. கால் வைத்த வரிசையில் அது கோட்டை இழுத்திருக்கிறது. தீட்டு என்றால் அதற்கு என்ன தெரியும்?

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி கீற?" என்றார் நைனா.

சொன்னேன். கல்லறையை இரண்டாவதாக வைத்து மறுபடி வரைந்து காட்டினேன். அக்கா வீடு சதுரத்துக்குள் வந்து உட்கார்ந்தது. நைனா குனிந்து இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அந்த உடுக்கையை அழித்தார். அழித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் குளிக்காம போயிருந்தா எம்பொண்ணு இங்க இருந்திருப்பாளா?" என்றார்.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு சர்வே ஆபீசுக்குப் போனேன். நைனாவும் வந்தார். அங்கே ஒரு இளம் அதிகாரி கம்ப்யூட்டரில் எங்கள் குப்பத்தைத் திறந்து, முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தார். அதுவரை எல்லோரும் உள்ளே, வெளியே என்று வந்த விடையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டார். நைனாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நாலாவது புள்ளியைத் தூக்கி இரண்டாவதாக வைத்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இடம் உள்ள வந்துடுச்சு மேடம். ஆனா நிக்கிற குடிசைக்குத்தான் வீடு. அங்க இப்ப குடிசை இருக்கா?"

அங்கே கம்பு நட்ட குழிகள்தான் இருந்தன. அதிலும் மழைத் தண்ணீர் நின்றது.

மீஞ்சூரில்

அடுத்த ஞாயிறு நைனா என்னையும் கூட்டிக்கொண்டு மீஞ்சூருக்குப் போனார். அக்கா போன பிறகு அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சொல்லப் போவதை ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது.

ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்கா ஒரு ஃபேக்டரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலையில் சேர்ந்திருந்தாள். நாங்கள் போனபோது தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கிய இறால். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"வா நைனா" என்றாள். எழுந்து தண்ணீர் கொடுத்தாள். மறுபடி உட்கார்ந்து உரித்தாள்.

நைனா எல்லாவற்றையும் சொன்னார். கோயில், துறை, தொட்டி, கடைசியில் கல்லறை, முழுக்கு. அவள் வீடு முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தது என்றார். "கோடுதாம்மா தப்பா போச்சு" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அக்கா இறாலை அலசி, மஞ்சள் தடவி, அடுப்பில் ஏற்றினாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"கோடு தப்பா போனது உன் தப்பில்ல நைனா. தீட்டுன்னா யாரா இருந்தாலும் அப்டிதான் போவாங்க. நானா இருந்தாலும் கடசீலதான் போயிருப்பேன். அத்த வுடு."

நைனாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லு. கோடு சரியா இருந்து, என் வூடு நெசமாவே வெளிய இருந்திருந்தா? அப்பவும் எனக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்ட இல்ல?"

ஒரு ரயில் கடந்து போனது. கூரை அதிர்ந்து அடங்கியது. கேட்டிருப்பேன் என்று ஒரு பொய்யாவது சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். ஊர் மெச்சும் நேர்மைக்காரர் அல்லவா, பொய் வரவில்லை.

"கேட்டிருக்க மாட்டேன்மா" என்றார்.

"தெரியும்" என்றாள் அக்கா. தட்டை வைத்துச் சோறு போட்டாள். "சாப்புடு நைனா, ஆறிடப் போவுது."

அவர் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தது, யாரும் சொல்லவில்லை.